கேம்ப்கிரவுண்டில் ஆர்வி-க்கு கரண்ட் இணைப்பது: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை நாங்கள் வாடகைக்கு எடுத்த டிரெய்லரில் இரவு ஏழரை மணிக்குக் கரண்ட் போனது. ஏசி நின்றது, மைக்ரோவேவ் நின்றது. ஆனால் தலைக்கு மேல் இருந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. "லைட் எரியுதே, அப்புறம் எப்படி கரண்ட் போச்சுங்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அக்கம்பக்கத்து வண்டிகளில் எல்லாம் வெளிச்சம். நமக்கு மட்டும் நிறுத்திவிட்டார்களோ என்று கேம்ப்கிரவுண்ட் ஆபீஸில் போய்ச் சண்டைபோடக்கூடத் தயாராக இருந்தேன். நல்லவேளை, அதற்குள் பக்கத்து வண்டிக்காரர் வந்து, சுமை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்திருப்பதைக் காட்டினார். மதியமே தண்ணீர் ஹீட்டரை 'எலெக்ட்ரிக்'கில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். அதன் மேல் ஏசி, அதன் மேல் மைக்ரோவேவ். தப்பு முழுக்க என்னுடையது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்வி (படுக்கை, சமையலறையோடு இருக்கும் பயண வண்டி) எடுத்துக்கொண்டு கிளம்பும் நம்மவர்கள் பலருக்கு இந்த முதல் இரவு நடக்கத்தான் செய்கிறது. பெரிய மின்சார அறிவு எதுவும் தேவையில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும், கொஞ்சம் நிதானமும் வேண்டும்.

விளக்கு ஏன் எரிந்தது?

ஆர்வி-க்குள் இரண்டு தனித்தனி கரண்ட் ஓடுகிறது. ஒன்று 12 வோல்ட், பேட்டரியிலிருந்து வருவது. கூரை விளக்குகள், தண்ணீர் பம்ப், கேஸ் ஹீட்டரின் விசிறி போன்றவை இதில் ஓடும். வண்டியின் பக்கச் சுவரை வெளியே தள்ளும் மோட்டாரும் பெரும்பாலும் இதில்தான். இன்னொன்று 120 வோல்ட், வெளியிலிருந்து ஒயர் வழியாக வருவது. ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் எல்லாம் இதில். இரண்டுக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் 120-ஐ 12 ஆக்கிப் பேட்டரியை சார்ஜ் செய்வது அதன் வேலை.

அதனால் விளக்கு எரிகிறது என்பதை வைத்து வெளிக் கரண்ட் வருகிறது என்று நம்பாதீர்கள். பேட்டரி தீரும்வரை விளக்கு எரியும். பிளக் செருகியாயிற்று என்ற நம்பிக்கையில் தூங்கப்போய், விடியற்காலையில் பேட்டரி செத்து ஹீட்டர் நின்று குளிரில் எழுந்தவர்கள் உண்டு. நான் பார்ப்பது மைக்ரோவேவ் கடிகாரத்தை. அதில் எண் தெரிந்தால் 120 வோல்ட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கம்பத்துப் பெட்டியில் என்ன இருக்கிறது

உங்கள் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி நிற்கும். பெடஸ்டல் என்பார்கள். வண்டியைப் பின்புறமாக உள்ளே விடும் இடமென்றால், இது ஓட்டுநர் பக்கம், பின்பகுதியை ஒட்டி இருப்பதுதான் வழக்கம். ஆர்வி-யின் கேபிளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். மூடியைத் தூக்கினால் மூன்று வகை சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரேக்கர். சில இடங்களில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

வீட்டுச் சுவரில் இருப்பதுபோன்ற சின்ன சாக்கெட் 15 அல்லது 20 ஆம்ப். சாய்ந்த இரண்டு பட்டைத் துளையும் ஒரு கிரவுண்ட் (எர்த்) துளையும் உள்ளது 30 ஆம்ப். அதன் பெயர் டிடி-30. நான்கு துளையுள்ள பெரியது 50 ஆம்ப். 14-50 என்று குறிப்பிடுவார்கள்.

30-க்கும் 50-க்கும் வித்தியாசம் 20 தானே என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 30 ஆம்ப் சாக்கெட்டில் கரண்ட் வரும் கம்பி ஒன்றுதான். 30-ஐ 120-ஆல் பெருக்கினால் 3,600 வாட். 50 ஆம்ப் சாக்கெட்டில் அப்படிப்பட்ட கம்பி இரண்டு, ஒவ்வொன்றிலும் தனியாக 50 ஆம்ப். ஆக 12,000 வாட், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிகள் 50 ஆம்ப் கேட்பது இதனால்தான். ஒரு ஏசி ஒரு கம்பியில், இன்னொன்று மற்றதில் ஓடும்.

ஐரோப்பாவில் ஆர்வி எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 230 வோல்ட், நீல நிற பிளக், பல இடங்களில் 16 ஆம்ப். வேடிக்கை என்னவென்றால் 16-ஐ 230-ஆல் பெருக்கினால் 3,680 வாட். இங்கத்திய 30 ஆம்புக்கு ஏறக்குறைய அதே அளவுதான்.

உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கும்

இதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நான் வாடகை வண்டியிலும் ஒட்டுவேன். ஒவ்வொரு சாமானின் அடியிலும் வாட் அளவு அச்சிட்டிருக்கும். அதை 120-ஆல் வகுத்தால் ஆம்ப். சாதாரணமாக வருவது இப்படி: 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) கூரை ஏசி ஓடும்போது 13 ஆம்ப் சுமாருக்கு. மைக்ரோவேவ் 12, 13. தண்ணீர் ஹீட்டரின் எலெக்ட்ரிக் எலிமென்ட் 1,440 வாட், அதாவது 12 ஆம்ப். 1,500 வாட் ரூம் ஹீட்டரும் கெட்டிலும் தலா 12.5. காபி மேக்கர் 8-லிருந்து 10. ஹேர் டிரையர் பெரிதாக இருந்தால் 15-ஐத் தொடும். கேஸிலும் கரண்டிலும் ஓடும் வகை ஃப்ரிட்ஜ் 3 ஆம்ப். கன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருந்தால் கொஞ்சம்தான் இழுக்கும், காலியாக இருந்தால் 8 வரை போகும். டிவி, லேப்டாப், போன் சார்ஜர் எல்லாம் கணக்கிலேயே வராது. அவற்றை அணைத்துவிட்டு மிச்சம் பிடித்ததாக நினைப்பது வீண்வேலை.

கவனித்தீர்களா? சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் இழுக்கின்றன. மனதில் வைத்துக்கொள்ள ஒரே வரி: 30 ஆம்பில் ஒரு நேரத்தில் பெரிய சாமான் ஒன்று, தாங்கினால் இரண்டு. மூன்றாவது கிடையாது.

என் முதல் இரவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏசி 13, ஃப்ரிட்ஜ் 3, கன்வெர்ட்டர் 5. அதுவரை 21, எந்தத் தொல்லையும் இல்லை. தண்ணீர் ஹீட்டர் சேர்ந்ததும் 33. அப்போதே பிரேக்கர் விழுந்திருக்க வேண்டாமா? விழாது. பிரேக்கர் கொஞ்சம் அதிகமான சுமையைச் சூட்டை வைத்துத்தான் உணர்கிறது. அளவுக்கு மேல் கொஞ்சம்தான் போகிறது என்றால் பல நிமிடங்கள் தாங்கும். ஹீட்டர் இடையிடையே அணைந்து எரிவதால் தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. மைக்ரோவேவ் போட்டதும் 46. பாவம், அது எவ்வளவு தாங்கும்.

இன்னொன்று, 30 ஆம்ப் என்றால் நாள் முழுக்க 30 இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. மணிக்கணக்கில் ஓடும் சுமையை 80 சதவீதத்துக்குள், அதாவது 24 ஆம்புக்குள் வைத்துக்கொள்வது பிரேக்கருக்கும் நல்லது, பிளக்குக்கும் நல்லது. ஏசி கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும் அளவைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடிக்கிறதென்றால் ஒரு எளிய வழி இருக்கிறது: ஃப்ரிட்ஜையும் தண்ணீர் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள். பல ஆர்வி-களில் இரண்டுக்கும் ஸ்விட்ச் இருக்கும். அந்த இரண்டை மாற்றினாலே 15 ஆம்ப் மிச்சம். ஆனால் தண்ணீர் ஹீட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தொட்டியில் தண்ணீர் நிரம்பாமல் எலெக்ட்ரிக் ஸ்விட்சைப் போட்டால் எலிமென்ட் சில நொடிகளிலேயே கருகிவிடக்கூடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் காற்றில்லாமல் சீராக வந்த பிறகே போட வேண்டும்.

இடம் பதிவு செய்யும்போது

'ஃபுல் ஹுக்கப்' என்றால் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும். 'எலெக்ட்ரிக் ஒன்லி' என்றால் கரண்ட் மட்டும். பக்கத்தில் 30 அல்லது 50 என்ற எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் கரண்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். யோசெமிட்டி பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் ஹுக்கப்பே கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் மட்டும்தான் உண்டு. கிராண்ட் கேன்யனில் டிரெய்லர் வில்லேஜில் கிடைக்கும்.

இணைக்கும் வரிசை

இங்கே அவசரப்படக் கூடாது. வண்டியை நிறுத்திய கையோடு, மற்ற எதையும் இறக்குவதற்கு முன், கரண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டி பழுதென்றால் வேறு இடம் கேட்பது அப்போதுதான் சுலபம். எல்லாவற்றையும் விரித்துவைத்த பிறகு நகர மனசு வராது.

முதலில் கண்ணால் பாருங்கள். சாக்கெட் முகத்தில் பழுப்புக் கறை, உருகிய பிளாஸ்டிக், விரிசல் இருந்தால் அதில் செருகவே வேண்டாம். ஆபீஸுக்குப் போய்ச் சொல்லுங்கள். மூடிக்குள் குளவி கூடு கட்டியிருப்பதும் சகஜம். நான் இப்போதெல்லாம் மூடியைக் குச்சியால்தான் தூக்குகிறேன்.

அடுத்து, பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். ஆன் நிலையில் செருகினால் தகடும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கொஞ்சம் அரிக்கும். நாளடைவில் அந்த இடம் சூடாகத் தொடங்குவது இப்படித்தான்.

பிறகு இஎம்எஸ் என்ற பாதுகாப்புப் பெட்டியை சாக்கெட்டில் செருகுங்கள். இதற்கு நான் செலவு செய்யச் சொல்வேன். வெறும் சர்ஜ் புரொடெக்டர் என்று விற்பது வேறு. அது மின்னலாலும் வேறு காரணங்களாலும் வரும் திடீர் வோல்டேஜ் எழுச்சியை மட்டும் தடுக்கும். இஎம்எஸ் அதோடு வோல்டேஜ் குறைகிறதா கூடுகிறதா, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) இருக்கிறதா, கிரவுண்ட் இருக்கிறதா, கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்த்து, சரியில்லை என்றால் கரண்டை உள்ளேயே விடாது. இதில் மிக மோசமானது 50 ஆம்ப் பெட்டியில் நியூட்ரல் அறுந்திருப்பது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 240 வோல்ட் இருக்கிறதல்லவா? நியூட்ரல் இல்லாவிட்டால் அது சமமாகப் பிரியாது. ஒரு பக்கம் 60, மறுபக்கம் 180 என்று போகலாம். 180 பக்கத்தில் இருக்கும் டிவி, மைக்ரோவேவ், கன்வெர்ட்டர் எல்லாம் கண்ணெதிரே புகைந்துவிடும். பிரேக்கர் இதைத் தடுக்காது. அதற்கு ஆம்ப் மட்டும்தான் தெரியும், வோல்ட் தெரியாது.

பிரேக்கரை ஆன் செய்து இஎம்எஸ் காட்டும் எண்ணைப் பாருங்கள். 114-லிருந்து 126-க்குள் இருந்தால் நிம்மதி. எல்லாம் சரியென்றால் பிரேக்கரை மறுபடி ஆஃப் செய்து வண்டியின் கேபிளை இஎம்எஸ்-இல் செருகுங்கள். வண்டிப் பக்கம் தனியாகக் கழற்றும் கேபிள் என்றால், அந்த முனையை முதலிலேயே வண்டியில் மாட்டிச் சுற்றி இறுக்கியிருக்க வேண்டும். பிறகு ஆன். சில இஎம்எஸ்-கள் உடனே கரண்ட் விடாது. ஏசி கம்ப்ரஸருக்காக இரண்டு நிமிடத்துக்கும் மேல் காத்திருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்.

உள்ளே போய் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம் ஏசி.

ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து பிளக்கின் ரப்பர் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே சுமையைக் குறைத்து, பிரேக்கரை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் கேபிளில் ஒருமுறை அப்படித்தான் கண்டுபிடித்தேன். மூன்று தகடுகளில் இரண்டு பளபளவென்று இருந்தன. மூன்றாவது மட்டும் நீலம்பாரித்து, அதன் அடியில் மஞ்சள் ரப்பர் ஒரு மிளகு அளவுக்குக் குமிழிட்டிருந்தது. பல வருடங்களாகப் பலர் செருகிப் பிடுங்கியதில் அந்த சாக்கெட்டின் பிடி தளர்ந்துபோயிருக்கிறது. பிளக் தொளதொளவென்று போய் உட்கார்ந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்காத சாக்கெட்டை நம்ப வேண்டாம். மிச்சமுள்ள கேபிளையும் இறுக்கமாகச் சுருட்டிவைக்காமல் தரையில் பாம்புபோல் தளர்வாக விடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

அடாப்டர் என்ன செய்யும், என்ன செய்யாது

இரண்டு முனையும் நடுவில் சின்ன ஒயரும் உள்ள அடாப்டரை 'டாக்போன்' என்பார்கள், நாய் கடிக்கும் எலும்பு மாதிரி இருப்பதால். இது பிளக்கின் வடிவத்தை மாற்றும், கரண்டை அதிகமாக்காது. 50 ஆம்ப் வண்டியை 30 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டினால் வண்டி முழுவதற்கும் சேர்த்து 3,600 வாட்தான். இரண்டு ஏசி-யும் ஒரே நேரத்தில் ஓடாது. மாறாக 30 ஆம்ப் வண்டியை 50 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டலாம். கேபிளும் வண்டியும் 30-க்கு மேல் இழுக்காமல் வண்டிக்குள் இருக்கும் 30 ஆம்ப் மெயின் பிரேக்கர் பார்த்துக்கொள்ளும். 30 ஆம்ப் சாக்கெட் தளர்ந்திருக்கும் இடங்களில் நான் இப்படித்தான் செய்கிறேன். 50 ஆம்ப் சாக்கெட்டைக் குறைவான பேர்தான் பயன்படுத்தியிருப்பார்கள், பிடி நன்றாக இருக்கும்.

30 ஆம்ப் வண்டியை வீட்டு சாக்கெட்டில் மாட்டினால் ஃப்ரிட்ஜ் குளிரும், பேட்டரி சார்ஜ் ஆகும். ஏசி ஆசை வேண்டாம். வீட்டில் விளக்குக்கு மாட்டும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இதற்கு இழுக்கவே கூடாது. 30 ஆம்ப் கேபிளுக்குள் இருப்பது 10 கேஜ் கம்பி. அதோடு ஒப்பிட்டால் அது நூல்.

வீட்டில் நிரந்தரமாக 30 ஆம்ப் சாக்கெட் வைக்க நினைப்பவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் "இது 120 வோல்ட்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். 30 ஆம்ப் என்றதும் துணி டிரையருக்கான 240 வோல்ட் என்று நினைத்து இணைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. முதல் முறை செருகியதுமே வண்டிக்குள் பாதி சாமான் போய்விடும்.

சாயங்கால வோல்டேஜ்

கோடையில் காலையில் 121 காட்டிய இஎம்எஸ் மாலை ஐந்து மணிக்கு 108 காட்டும். பெட்டியில் கோளாறு இல்லை. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் முழுச் சுமையை இழுக்காது என்ற கணக்கில்தான் கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஒயர் போடுகிறார்கள். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பே அதை அனுமதிக்கிறது. 36 இடங்களோ அதற்கு மேலோ இருந்தால் மொத்தச் சுமையில் 41 சதவீதத்தைத் தாங்கும்படி அமைத்தால் போதும். சாதாரண நாளில் இது நியாயமான கணக்கு. வெயில் கொளுத்தும் நீண்ட விடுமுறை வாரத்தில் எல்லோரும் ஏசி-யைத் திருகினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு வோல்டேஜ் படுத்துவிடும்.

வோல்டேஜ் குறைந்தால் ஏசி மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. கம்ப்ரஸர் மோட்டார் குறைந்த வோல்டேஜில் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும், ஆயுள் குறையும். 104 அளவுக்கு இறங்கினால் இஎம்எஸ் தானே வெட்டிவிடும். நான் 108-க்குக் கீழே போனாலே ஏசி-யை நிறுத்திவிட்டு நிழலைத் தேடி நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். மதியத்துக்கு முன்பே வண்டியை நன்றாகக் குளிரவைத்துத் திரைகளை மூடிவைத்தால் சாயங்காலம் சமாளிக்கலாம்.

எதுவும் ஓடவில்லை என்றால்

ஒரே ஒரு பிளக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் குளியலறை அல்லது சமையல் மேடைப் பக்கம் உள்ள ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சாக்கெட்) பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒரு வரிசையே போயிருந்தால் வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டி. எல்லாமே போயிருந்தால் வண்டியின் மெயின் பிரேக்கர், பிறகு வெளியே பெடஸ்டல். விழுந்த பிரேக்கர் பல நேரம் நடுவாக்கில் நிற்கும், பார்த்தால் ஆன் போலவே தெரியும். முழுக்க ஆஃப் பக்கம் தள்ளிய பிறகே ஆன் செய்ய வேண்டும். அதற்கு முன் பெரிய சாமான்களை அணைத்துவிடுங்கள். மறுபடி உடனே விழுந்தால் மூன்றாம் முறை போடாதீர்கள்.

கதவுக் கைப்பிடியைத் தொடும்போது கையில் சுருக்கென்று லேசாக அடித்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியின் உலோக உடம்பில் கரண்ட் ஏறியிருக்கிறது, கிரவுண்ட் சரியில்லை என்று அர்த்தம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தை தொட்டால் உயிருக்கே ஆபத்து. யாரையும் வண்டியைத் தொடவிடாமல் நேராகப் போய்ப் பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு ஆபீஸைக் கூப்பிடுங்கள். தொடாமலே கரண்டைக் காட்டும் பேனா போன்ற டெஸ்டர் ஒன்றை வைத்திருந்தால், கரண்ட் கொடுத்ததும் கதவருகே நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது

இணைத்ததற்கு நேர் எதிர் வரிசை. உள்ளே ஏசி-யையும் ஹீட்டரையும் அணைத்து, வெளியே பிரேக்கரை ஆஃப் செய்து, பிளக்கின் தலையைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். கேபிளைத் துணியால் துடைத்துக்கொண்டே உள்ளே வைத்தால் கை அழுக்காகாது. அப்புறம் இஎம்எஸ். கேபிளைக் கழற்றிய சந்தோஷத்தில் பெட்டிக்குள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம், நானும் அதில் ஒருவன். அறுபது மைல் போய்த் திரும்பி வந்தேன். அதிலிருந்து வண்டிச் சாவியை இஎம்எஸ்-இன் கைப்பிடியில்தான் மாட்டிவைக்கிறேன்.